முக்கால் அங்குலம்

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று.
'தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று
பங்குச்சாமியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தபோது
என் இடது கால் மட்டும்
பெஞ்சுக்கடியில் உள்ளே இழுத்துக்கொண்டது.

வலதைவிட முக்கால் அங்குலம் குட்டை.
ஏழு வயதில் ஒரு டெம்போ.
அந்தக் கதையில் அதற்குமேல் ஒன்றுமில்லை.

புடவை சுலபமாக அமைந்தது.
நேரு வீதியில் இரண்டாவது கடை.
வெள்ளையில் இத்தனை வெள்ளையா என்று
அக்கா எம்மானுவேலா ஒவ்வொன்றாய் உதறினாள்:
பால் வெள்ளை, முத்து வெள்ளை, சோற்று வெள்ளை,
ஆஸ்பத்திரி வெள்ளை.
வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம்.
சித்திரை வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்.
விலைச்சீட்டில் தந்தம் என்று எழுதியிருந்ததை
நம்பி எடுத்துக்கொண்டோம்.

'வெயிலு எத்தனை மீட்டர்?'
என்றாள் தையற்கடை ரொசாரி.
கொண்டையிலிருந்து வழியும் வலைத்துணியைக் கேட்கிறாள்.
இந்த ஊரில் வெயிலை மீட்டரில் அளப்பவள்
அவள் ஒருத்திதான்.
மூன்று போதும் என்றேன்.
மிச்சம் மேலேயே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதிச் சந்தையில்
நூற்றிருபது ரூபாய்க்கு லேஸ் கையுறை.
வீட்டில் பிரித்தால் இரண்டுமே இடது கை.
மறுவாரம் போனேன்.
அந்த இடத்தில் ஒருவர் குக்கர் மூடி விற்றுக்கொண்டிருந்தார்.
போகட்டும்.
பூச்செண்டு பிடித்த கையில்
கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று
யார் பார்க்கப்போகிறார்கள்.

செருப்புதான்.

'கவுனுக்கா அக்கா, சேலைக்கா?'
முட்டிபோட்டிருந்த பையனிடம் சொன்னேன்:
வலதுக்கு இரண்டு அங்குலம்,
இடதுக்கு இரண்டே முக்கால்.
சிரித்தான்.
அப்புறம் காலைப் பார்த்தான்.
அப்புறம் யாரும் கேட்காத ஒரு பெட்டியை எடுக்க
ஏணியில் ஏறியவன்
வெகுநேரம் இறங்கவில்லை.

ஐந்து கடைகள்.
ஒரு வெள்ளிப்பூச்சு
கொடுவாச் செதில்போலப் பாதத்தில் ஒட்டியது.
ஒன்றில் பதித்த கல் மூன்றாம் அடியிலேயே உருள,
முதலாளி அதைத் துரத்திக்கொண்டு
கல்லாப்பெட்டிக்கு அடியில் போனார்.

ராத்திரி அந்துவானிடம் சொன்னேன்.
தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்,
எதற்கும் ஒரு கூட்டல் வைத்திருப்பான்.
'கோயில் நடுவில் கம்பளம் விரிக்கச் சொல்லவா?
சத்தம் கேட்காதுல்ல?'

சத்தம்.
இரண்டு நாள் நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே கேட்டேன்:
என்ன சத்தம்?
'எங்க ஆபீஸ் மாடிப்படியில் நீ ஏறுறது.
ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது.
நீ மேலே வர்றதுக்குள்ள
சட்டைப் பித்தானைப் போட்டு
ரெண்டாவது டீ டம்ளரை ஒளிச்சிடுவேன்.'
ஒன்றரை வருடமாக ஒளித்திருக்கிறான்.

பஸ் நிலையத்துக்கு வெளியே
குமுதவல்லி செருப்புத் தைக்கிறாள்.
தோளில் இடுக்கிய போனில்
யாரையோ சீட்டுப் பணத்துக்குத் திட்டிக்கொண்டே
கடலூர் பஸ் டிக்கெட்டுகளை மடித்து மடித்து
என் குதிகாலுக்கடியில் செருகினாள்.
'இப்போ?'
இல்லை.
'இப்போ?'
இன்னும் ஒன்று.
போனில் இருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை.
பதினேழாவது டிக்கெட்டில்
என் இடுப்பு இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றது.
எதிரே நின்ற விழுப்புரம் பஸ்ஸின் ஜன்னல் விளிம்பு
முதல்முறையாக எனக்கு நேர்கோடாகத் தெரிந்தது.

மூன்று நாளில் கொடுத்தாள்.
முத்து வைத்த வெள்ளைச் செருப்பு.
இடதில் தக்கை ஒட்டி வெள்ளை அடித்திருந்தாள்,
கிட்டப் பார்த்தால்
கேக்கின் நடுவிலிருக்கும் அடுக்குபோல.
முந்நூற்றைம்பது. பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து
கதவைச் சாத்திக்கொண்டு
கூடத்து டைல்ஸில் நடந்தேன்.
டக். டக். டக். டக்.
எல்லாம் ஒரே அளவு.

கட்டிலடியில் படுத்திருந்த எங்கள் நாய்
யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று
எகிறிக் குரைத்தது.

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்.
தினமும் அரைமணி நேரம்
இதைப் போட்டு நடக்க வேண்டும்.
முதலில் நாய் பழக வேண்டும்.
அப்புறம் அந்துவான்.